கைக்கு எட்டாத ட்ரிக்கர்

முதல்லயே சொல்லிடறேன், இது மெடல் வாங்கின கதை இல்லை. ஒரகடம் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவுல ஸ்கூட்டி ஓட்டிக்கிட்டு காலேஜ் வர்ற ஒரு மெக்கானிக்கல் பொண்ணு, தன் கை சின்னதுன்னு கண்டுபிடிக்க ஏழு மாசம் எடுத்துக்கிட்ட கதை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கா? மனு பாக்கர் வாங்கின ரெண்டு வெண்கலமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல. மூணாவது போட்டியில நாலாவது இடம். அது 25 மீட்டர், அங்க சுடறது பாயிண்ட் 22. அந்த மூணாவது துப்பாக்கி மேலதான் எனக்குக் கண்ணு.

பாயிண்ட் 22 தோட்டாவை ரிம்ஃபயர்னு சொல்வாங்க. பத்த வைக்கிற மருந்து, தோட்டாவோட அடிப்பக்க விளிம்புக்குள்ளயே சுத்தி இருக்கும். ஊசி நடுவுல அடிக்காது, விளிம்புல அடிக்கும். உதைப்பு கம்மி, தோட்டா விலையும் பெரிய துப்பாக்கியை விடக் கம்மி. அதனாலதான் கத்துக்கறவங்க கையில முதல்ல இதைக் கொடுக்கறாங்க. ஆனா நம்ம ஊர்ல ஆசைப்பட்டதும் கடைக்குப் போய் வாங்க முடியாது. லைசென்ஸ் வேணும், அதுக்கு 21 வயசு ஆகணும். எனக்கு இருபது. அதனால கிளப்ல, கோச் பக்கத்துல நிக்க, கிளப் பிஸ்டல்லதான் பழகறேன். உங்களுக்கும் ஆசை வந்தா முதல்ல ஏர் பிஸ்டல்ல ஒரு வருஷம் இருங்க. கையோட பழக்கம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

சரி, என் பிரச்சினை. நான் வலது கைக்காரி. என் குண்டு எல்லாம் இடது பக்கமே போகும். 25 மீட்டர்ல பத்து வளையத்தோட குறுக்களவு 50 மில்லிமீட்டர். நான் ஏழுல நிப்பேன், ஆறுல நிப்பேன், எல்லாம் ஒரே பக்கம். "கையில பலம் இல்லம்மா, டம்பெல் தூக்கு"ன்னு கோச் சொன்னார். ரெண்டு மாசம் தூக்கினேன். தோள் வலுவாச்சு, குண்டு அதே இடது பக்கம்.

விடை வந்தது எங்க வீட்டு அடுப்படியில. அம்மா சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில லைன் வேலை. மேல ஸ்பிரிங்ல தொங்குற எலக்ட்ரிக் ஸ்க்ரூ டிரைவரால ஷிஃப்ட் முழுக்க ஸ்க்ரூ போடணும். ஒரு நாள் மணிக்கட்டுல தைலம் தேய்ச்சுக்கிட்டே, "அந்த மெஷின் பிடி தடிமன்டி. லிவரை அமுக்கணும்னா கையையே திருப்பித்தான் அமுக்கணும்"னு சொன்னாங்க. எப்படிப் பிடிப்பீங்கன்னு கேட்டு ஒரு பூரிக்கட்டையைக் கொடுத்தேன். பிடிச்சுக் காட்டினாங்க. அப்படியே என் கை!

கிளப் பிஸ்டலோட மரப்பிடி பெரிய சைஸ். விரல் ட்ரிக்கருக்கு எட்டணும்னு நான் தெரியாமலே உள்ளங்கையைச் சுத்தித் திருப்பிப் பிடிச்சிருக்கேன். பிடிச்சா குழல் முன்கையோட நேர்கோட்டுல இருக்காது. ட்ரிக்கர்ல படறது விரல் நுனி மட்டும். 25 மீட்டர் பிஸ்டல் ட்ரிக்கருக்குக் குறைஞ்சது 1000 கிராம் இருக்கணும்னு விதி. ஏர் பிஸ்டலுக்கு 500தான். ஆயிரம் கிராமை விரல் நுனியால நேரா பின்னாடி இழுக்க முடியாது, பக்கவாட்டுல தள்ளத்தான் செய்யும். முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல ஃபோர்ஸைக் கூறு போட்டோமே, அதேதான். பரீட்சையில எழுதினேன், கையில உறைக்கலை.

அதனால யாராவது "எந்த பிஸ்டல் நல்லது, பார்டினியா, வால்தரா, மோரினியா?"ன்னு கேட்டா நான் பிராண்டு சொல்றதில்லை. முதல்ல ஸ்கேலை எடுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற கவட்டையில இருந்து, ஆள்காட்டி விரலோட முதல் கணு சதைப்பகுதி வரைக்கும் அளங்க. விரல் மூட்டுக்கிட்ட உள்ளங்கை அகலத்தையும் அளங்க. நல்ல டார்கெட் பிஸ்டல்களுக்குப் பிடி சின்னது, நடுத்தரம், பெருசுன்னு தனித்தனியா வரும். ட்ரிக்கரை முன்ன பின்ன நகர்த்த முடியுதான்னு கேளுங்க. கண்ணை மூடிப் பிடிச்சு, கையை நீட்டி, கண்ணைத் திறங்க. முன் குறியும் பின் குறியும் தானா நேரா நின்னா அது உங்க பிஸ்டல். அப்புறம் எடை. 25 மீட்டர் ரேபிட்ல மூணு செகண்டுக்குள்ள கையைத் தூக்கிச் சுடணும், ஏழு செகண்ட் இடைவெளி, மறுபடி தூக்கணும். விதிப்படி 1400 கிராம் வரைக்கும் இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்லியிருக்கு, சின்ன மணிக்கட்டு அதைச் சுமந்தே தீரணும்னு இல்லை. அதுலயும் எடை மூக்குப் பக்கம் அதிகமா இருந்தா பத்தாவது ஷாட்டுக்கே தெரிஞ்சுடும்.

கிளப் பிடியை நான் அரம் வச்சு ராவ முடியாது, நாளைக்கு வேற யாராவது பிடிப்பாங்க. கோச்கிட்ட கேட்டேன். கொஞ்சம் யோசிச்சார், அப்புறம் அலமாரியில கிடந்த ஒரு விரிசல் விட்ட பழைய பிடியை எடுத்துக் கொடுத்தார். ஃபிட்டிங் லேப்ல ஒரு சதுரத்தை ஒழுங்கா ராவத் தெரியாம ரெக்கார்டு நோட்டுல ரெண்டு தடவை திட்டு வாங்கினவ நான். மூணு வாரம் உட்கார்ந்து ராவினேன். பின்பக்கம் மரத்தைக் குறைச்சேன், விரல் இடுக்குல எம்-சீல் வச்சு நிரப்பினேன், காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டேன். பிடி கையைச் சுத்தி வளைக்கக் கூடாது, மணிக்கட்டைத் தாங்கவும் கூடாதுன்னு விதி இருக்கு. அதை மட்டும் கோச் ரெண்டு தடவை பார்த்தார்.

போட்டுச் சுட்ட முதல் அஞ்சு குண்டுல மூணு ஒன்பது, ஒரு எட்டு, ஒரு பத்து. ரெண்டு ஒன்பது வலது பக்கம்! வலது பக்கம் போனதுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

"பலம்னு நினைச்சுட்டேன்மா"ன்னு கோச் சொன்னார். டம்பெல்லை நிறுத்தச் சொல்லலை.

அம்மா கை அளவையும் எடுத்து வச்சிருக்கேன். என்னோடதை விட அரை சென்டிமீட்டர் கம்மி. சூப்பர்வைசர்கிட்ட மெலிசான பிடி கேளுங்கன்னா, "லைன்ல முப்பது பேர் இருக்கோம், எனக்கு மட்டும் கேட்டா நல்லாவா இருக்கும்?"ங்கறாங்க. அந்த முப்பது பேர் கையையும் அளந்துட்டு வாங்கன்னு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை டிபன் பையில போட்டு விட்டிருக்கேன். இதுவரைக்கும் பதினோரு பேர் அளவு வந்திருக்கு.