கடைமடை ஆட்டக்காரர்

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறந்தாயிற்று என்ற செய்தி வந்ததும் தஞ்சையைச் சுற்றி நாற்றங்கால் வேலை மும்முரமாகிவிடும். எங்கள் வாய்க்காலோ புழுதி பறந்தபடி கிடக்கும். மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்த பிறகு, முறை வந்தால், தண்ணீர் வரும். வருகிற இரவில் மண்வெட்டியோடு மடையில் விழித்து நிற்பவனுக்கே அது கிடைக்கும். அப்பா அப்படித்தான் வெள்ளாமை செய்தார். தினேஷ் கார்த்திக்கின் கிரிக்கெட் வாழ்வை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த மண்வெட்டி நினைவுக்கு வருகிறது.

2004 செப்டம்பரில், தம் பத்தொன்பதாம் வயதில், லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்காக முதன்முதலில் ஆடியபோது, அவர் மைக்கேல் வாகனை ஸ்டம்பிங் செய்த வேகம் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரச் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் தோனி வந்தார். அடுத்த டிசம்பரில் தோனி முதல் டெஸ்ட் ஆடியதும் சென்னைச் சேப்பாக்கத்தில்தான். கார்த்திக்கின் சொந்த ஊரில், கார்த்திக் நின்றிருக்க வேண்டிய இடத்தில். அதன்பின் பிறருக்குக் காயம் பட்டால், பிறர் ஓய்வெடுத்தால், அவருக்கு முறை வந்தது. 2007இல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பினார்கள். 263 ஓட்டங்களுடன் அத்தொடரில் இந்திய அணியில் மிகுதியாக ஓட்டம் குவித்தவர் அவர்தாம். ஐபிஎல் போட்டிகளில் 2008 முதல் 2024 வரை டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத், கொல்கத்தா என ஆறு அணிகள். சென்னை அணி ஒருமுறைகூட அவரை எடுக்கவில்லை.

நான் அந்நாளில் கௌரவ விரிவுரையாளன். யாரேனும் மகப்பேறு விடுப்பில் போனாலோ ஓய்வுபெற்றாலோ அந்த இடத்தில் நின்று சங்க இலக்கியம் நடத்துபவன். நான்கு கல்லூரிகள் மாறியாயிற்று. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஜூனில் மறுபடி கூப்பிடுவார்களா என்பது ஜூனில்தான் தெரியும்.

2018 மார்ச் 18, ஞாயிறு இரவு, வாடகை அறையில் கொழும்பு இறுதிப்போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கதேசத்துக்கு எதிராக 12 பந்துகளில் 34 ஓட்டம் வேண்டும் என்ற நிலையில் கார்த்திக் இறங்கினார். தம்மைப் பின்னால் தள்ளி விஜய் சங்கரை முன்னே அனுப்பியதில் அவருக்கு மனக்குறை இருந்ததாக அணித்தலைவர் ரோகித் சர்மா பிறகு சொன்னார். அந்தக் குறையை அவர் முதல் பந்திலேயே எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டார். ஒரே ஓவரில் 22 ஓட்டம். கடைசிப் பந்தில் ஐந்து தேவை; தட்டையாக ஒரு சிக்சர். மொத்தம் எட்டுப் பந்துகள், 29 ஓட்டம்.

நான் அழுதேன். மறுநாள் காலை வகுப்புக்குப் போகும்போது, பாடக் குறிப்பை வழக்கத்தைவிடக் கவனமாக எழுதிக்கொண்டு போனேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

முறை வந்தால் விளைந்தே தீரும் என்பதில்லை. 2019 உலகக்கோப்பை அரையிறுதியில் அவர் 25 பந்துகளில் ஆறு ஓட்டமே எடுத்தார். முடிந்தது என்றார்கள். 2022இல் பெங்களூருக்காக 330 ஓட்டங்கள் குவித்து, முப்பத்தேழு வயதில் மீண்டும் இந்திய அணிக்குள் வந்தார். 2024 ஜூன் 1, தம் பிறந்தநாளில், ஓய்வை அறிவித்தார். மறு ஆண்டு பெங்களூரு முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது அந்த அணிக்கு வழிகாட்டியாகவும் பேட்டிங் பயிற்சியாளராகவும் இருந்தார்.

அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்: “தண்ணி வருமான்னே தெரியாம ஏம்ப்பா வரப்பு வெட்டுறீங்க?” அவர் சிரிக்கவில்லை. “வந்த பொறவு வெட்ட நேரம் இருக்காதுப்பா” என்றார்.