கை படாத துப்பாக்கி

தோட்டத்துக் காவலுக்கென்று 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெற்று, பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை விலைக்கு வாங்கினோம். 12 போர் துப்பாக்கி. அதாவது, அதன் குழலுக்குச் சரியாய் அமையும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை. கட்டை கண்ணாடி போல் பளபளத்தது. "சுவரில் மாட்டியே இருந்தது, ஸார்! பல வருஷமாய்க் கை பட்டதே இல்லை" என்றார் விற்றவர். அன்றே ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்துவிட நமக்கு ஒரே ஆவல்.

"முதலில் உள்ளே பாருங்கள்" என்றாள் நம் வீட்டு அம்மாள். புடவை எடுத்தாலும் உள்மடிப்பைப் பிரித்துப் பார்ப்பவள் அல்லவா?

துப்பாக்கியை மடக்கி, தோட்டா இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குழல்களைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். வலது குழலில் வெளிச்சம் வட்டமாய்த் தெரிந்தது. இடது குழலில் கும்மிருட்டு! கோலில் துணி சுற்றிக் குத்தினோம். உலர்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது, குளவிக் கூடு!

அடைபட்ட குழலில் சுட்டால் குழலே வெடித்துவிடும். குழலின் அடியில் தாங்கியிருப்பது நம் இடது கை. அந்தக் கையால்தான் இப்போது துருவைத் துடைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறோம்.

விற்றவர் சொன்னது பொய்யல்ல. கை பட்டிருந்தால் குளவிக்கு அங்கே இடம் ஏது?