பதர்வா மலையில் மணக்கும் லாவெண்டர்



நறுமணத்தை விரும்பாத உள்ளம் உண்டோ? அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தைப் பெரிதும் நேசித்தார்கள் என்பதை நாம் அறிவோம். ஜும்ஆ தினத்தில் குளித்து, தூய ஆடை அணிந்து, அத்தர் பூசிப் பள்ளிவாசலுக்குச் செல்வது நம் இல்லங்களில் இன்றும் மாறாத வழக்கம். ஆனால், ஒரு துளி மணத்திற்குப் பின்னால் எத்தனை துளி வியர்வை இருக்கிறது என்பதை என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அதை அறிய, ஜம்மு காஷ்மீரின் டோடா மாவட்டத்திலுள்ள பதர்வாவுக்கு வாருங்கள்!

ஜம்முவிலிருந்து உதம்பூர், பட்டோட் வழியாக மலைப்பாதை செல்கிறது. செனாப் நதிக்கரையிலுள்ள புல் டோடாவில் கிளைச்சாலையில் திரும்பினால், 'நீரு' என்னும் சிற்றாறு உங்களை எதிர்கொள்ளும். பெயரைக் கேட்டதுமே நம் தமிழ்ச்செவி குளிர்கிறதல்லவா? அதன் கரையோரமாக மேலேறினால், கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் மேலே பதர்வா பள்ளத்தாக்கு விரிகிறது. முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூரைச் 'சின்னக் காஷ்மீர்' என்றே மக்கள் அழைக்கின்றனர். ஜூன், ஜூலை மாதங்களில் சென்றால், மலைச்சரிவுகளில் ஊதாக் கம்பளம் விரித்தாற்போல் லாவெண்டர் பூத்திருப்பதைக் காண்பீர்கள்.

துணிந்து எடுத்த முடிவு

இவ்வயல்களில் முன்பு விளைந்தது மக்காச்சோளம். சிறு நிலம், மழையை நம்பிய வேளாண்மை; விளைந்ததிலும் ஒரு பங்கைக் குரங்குகள் கொண்டுபோகும். இந்நிலையில்தான் ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் லாவெண்டர் நாற்றுகளை இலவசமாக வழங்கியது. பூக்களிலிருந்து எண்ணெய் வடிக்கும் கலங்களையும் அமைத்துத் தந்தது. 2016ஆம் ஆண்டுக்குப் பின் 'அரோமா மிஷன்' திட்டத்தின் வாயிலாக இப்பணி விரிவடைந்தது. 2022இல் பதர்வாவில் லாவெண்டர் திருவிழாவே நடைபெற்றது.

எனினும் அந்த விவசாயியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மக்காச்சோளம் விலை போகாவிட்டாலும் வீட்டில் ரொட்டியாகும். லாவெண்டரைத் தின்ன முடியுமா? நட்டவுடன் பலனும் கிடைக்காது. நல்ல விளைச்சலுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் உணவு விளைந்த மண்ணில், உண்ண முடியாத ஒரு செடியை நடுவதற்கு எத்துணை துணிவு வேண்டும்! அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்து நட்டவர்களுக்கு அச்செடி கைகொடுத்தது. ஒருமுறை நட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் பூக்கும். வறண்ட சரிவிலும் வளரும். கால்நடைகளும் குரங்குகளும் அதை நாடுவதில்லை. எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 10,000 ரூபாய் விலை போனதாக 2022 அளவில் செய்திகள் கூறின.

விலை ஏன் இவ்வளவு? அரிவாளால் அறுத்த பூக்களைக் கலத்திலிட்டு நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவி குளிர்ந்து இறங்கும்போது எண்ணெய் மேலே மிதக்கிறது. கீழே பன்னீர் போன்ற மணநீர் தங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோ பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய்தான்! இதில் மதுசாரம் சேர்ப்பதில்லை. இந்த வடிக்கும் கலை நம் முன்னோர் வளர்த்த கலை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணப் பொருள்களை வடித்தெடுப்பது பற்றித் தனி நூலே இயற்றினார். யூனானி ஹகீம்கள் கையாளும் 'உஸ்துகுத்தூஸ்' என்னும் மூலிகையும் லாவெண்டர் இனத்தைச் சேர்ந்ததே.

இல்லத்தில் பயன்கள்

இல்லத்தரசிகளே! உலர்ந்த பூக்களை மெல்லிய துணியில் முடிந்து அலமாரியில் வைத்தால், கம்பளி ஆடைகள் மணக்கும், அந்துப்பூச்சியும் அண்டாது. எண்ணெயில் இரண்டொரு துளியைப் பஞ்சில் நனைத்துத் தலையணை அருகே வைத்தால் மனம் அமைதியுற்று உறக்கம் வரத் துணைபுரியும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு துளி கலந்து நெற்றிப்பொட்டில் தடவினால் தலைபாரத்திற்கு இதமாக இருக்கும். தரை துடைக்கும் நீரில் சில துளிகள் சேர்த்தால் வீடே மணக்கும்.

ஆனால் எச்சரிக்கை தேவை. இவ்வெண்ணெயை அருந்தக் கூடாது. கலக்காமல் அப்படியே தோலில் பூசக் கூடாது. கண்ணில் படக் கூடாது. முதலில் முன்கையில் சிறிது தடவி, அரிப்பு உண்டாகிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்டபின்பே பயன்படுத்துவது நலம். நோய்க்கு உரிய மருந்தை விட்டுவிட்டு இதை நம்பியிருப்பதும் தவறு.

கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றுள் செயற்கை மணம் கலந்தவையும் உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். தூய எண்ணெய் பிசுக்குக் கறை இன்றி ஆவியாகிவிடும். கறை தங்கினால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம்.

அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்து 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்னும் அத்தியாயமே திருக்குர்ஆனில் அருளப்பட்டிருக்கிறது. கலப்படம் வாங்குபவரை மட்டுமா ஏமாற்றுகிறது? சோளத்தை விட்டுப் பூவை நட்ட அந்த மலைக் குடும்பத்தின் உழைப்பையும் அல்லவா அது பறிக்கிறது! அடுத்த முறை லாவெண்டர் எண்ணெய் வாங்கும்போது விலையை மட்டும் பாராதீர்கள். பதர்வா சரிவில் குனிந்து பூ அறுக்கும் கரங்களையும் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள்!