எடை குறைந்த புடவை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள குமரா,

மாமா எழுதுகிறேன். நீ போனில் சொன்னதை உன் அம்மாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஏதோ கணக்குத் தகராறு என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கே மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாள். மூன்று மாதமாக இதை மனசில் போட்டுப் புழுங்கிக்கொண்டு இருந்தாயே, உனக்குப் புத்தி இருக்கிறதாடா? இருபத்தேழு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கோர்ட் படி ஏறி இறங்கினவன் உனக்கு மாமாவாக இருக்கிறேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

சரி, திட்டியது போதும். வேலை செய்யும் இடத்துச் சரக்கைத் திருடியதாக உன்மேல் போட்டிருக்கும் கேஸில் குற்றத்தை இப்போதே ஒத்துக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்றாயே, அந்தப் பேச்சைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் தறியில் உட்கார்ந்திருந்த காலம் உனக்குத் தெரியாது. மூன்று புடவைக்குப் பாவு, ஊடைக்குப் பட்டு, ஜரிகை எல்லாவற்றையும் முதலாளி எடை போட்டு நோட்டில் எழுதிக் கொடுப்பார். நெய்து கொண்டுபோனால் புடவையைத் தராசில் வைத்துச் சரிபார்ப்பார். ஒரு தடவை ஐப்பசி அடைமழையில் நூல் வாங்கி, தை மாசம் கொடுத்தேன். எடை குறைந்தது. ஈரக் காற்றில் பட்டு எடை கூடும், வறண்ட காற்றில் இறங்கும். இது நெசவாளிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆனால் அவர் தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். ஜரிகையை எடுத்தாயா என்று கேட்டார். நான் ஒரு இழைகூடத் தொடவில்லை. உன் தாத்தாதான், வம்பு வேண்டாம், ஒத்துக்கொள், கூலியில் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். ஒத்துக்கொண்டேன். நோட்டில் கையெழுத்தும் போட்டேன்.

அன்றைக்கு அது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் எந்த முதலாளியிடம் போனாலும் என் புடவை மட்டும் இரண்டு தடவை தராசில் ஏறியது. தறிக்குழி பிடிக்காமல்தான் நான் கோர்ட் வேலைக்குப் போனேன் என்று உன் அம்மா இன்றும் நம்புகிறாள். காரணம் அந்தக் கையெழுத்து. அதனால் செய்யாததைச் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, கண்ணா. போதாததற்கு, 12 மாசமோ அதற்கு மேலோ சிறை என்று தீர்ப்பானால் வெளிநாட்டுக்காரரைத் திருப்பி அனுப்ப 2007-லேயே பிரிட்டனில் சட்டம் போட்டிருக்கிறார்கள். கேஸ் நடத்தும் வக்கீலோடு நிறுத்தாமல் விசா வக்கீலையும் பார்த்துவிட்டு எதிலும் கையெழுத்துப் போடு.

இனி உன் கேஸை விசாரிப்பது மாஜிஸ்திரேட்டா, ஜூரியா என்று நீ தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம். இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி போய்விட்டது. உன் தாத்தா இருந்திருந்தால் ஜூரி என்ற சொல்லைக் கேட்டதுமே வேண்டாம் என்றிருப்பார். அவர் பாகவதர் பைத்தியம். 1944 தீபாவளிக்கு பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ படம் வந்து ஊரே கொண்டாடியது. அடுத்த மாசமே, நவம்பர் 8-ஆம் தேதி, ‘இந்துநேசன்’ பத்திரிகை லட்சுமிகாந்தனை வேப்பேரியில் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் ஜூரி. ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். அந்த 6-க்கு 3 போதுமானதாக இருந்தது, ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. வெளியே வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை. தறியில் அவர் பாட்டைப் பாடிக்கொண்டே தாத்தா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு நிதானமாக யோசித்தேன். நீ இருக்கும் இங்கிலாந்தில் 6-க்கு 3 செல்லாது. பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். முடியாமல் போனால் குறைந்தது பத்துப் பேராவது ஒத்துப்போக வேண்டும். இது பெரிய வித்தியாசம்.

நம் ஊரிலும் ஒன்று பார்த்தோமே. 2004 செப்டம்பரில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்டு, நவம்பரில் அந்த வழக்கில் சங்கர மடத்து ஜயேந்திரர் கைதானபோது நீ சின்னப் பையன். டீக்கடைக்கு டீக்கடை அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 80-க்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பர் 27-ல் எல்லாரும் விடுதலை. நம் ஊர்க்காரர் பன்னிரண்டு பேரை அதற்கு ஜூரியாக உட்கார வைத்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? உன்னை அங்கே யாருக்கும் தெரியாது. அது உனக்கு நல்லதுதான்.

உன் பாஸ்வேர்டில் சரக்கு வெளியே போயிருக்கிறது. ஆனால் அந்த ஷிப்டில் எல்லாருக்கும் அந்த பாஸ்வேர்டு தெரியும் என்கிறாய். இதைக் காகிதத்தில் படித்தால் சாக்குப் போலத் தெரியும். குடோனிலோ கடையிலோ வேலை பார்த்தவன் கேட்டால், ஆமாம், எங்கள் இடத்திலும் அப்படித்தான் என்பான். பன்னிரண்டு பேரில் அப்படி நாலு பேராவது இருக்க மாட்டார்களா? நீ இருக்கும் ஈஸ்ட்ஹாம் பக்கத்து ஜனங்கள் என்றால் நிச்சயம் இருப்பார்கள். அதனால் என் மனசு ஜூரி பக்கம்தான் போகிறது.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மாஜிஸ்திரேட் தீர்ப்பு சரியில்லை என்றால் கிரவுன் கோர்ட்டில் திரும்ப முழு விசாரணை கேட்கலாம். ஜூரி ஏன் அப்படி முடிவெடுத்தது என்று காரணமே சொல்லாது, அதற்கு மேல் அப்பீல் போவது கஷ்டம். ஜூரி உட்காரும் கிரவுன் கோர்ட்டில் 70,000-க்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. வருஷக் கணக்கில் இழுக்கலாம். அத்தனை நாளும் இந்தப் பாரம் உன் தலையில் இருக்கும். தாங்குவாயா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

ஷிப்டில் யார் யார் இருந்தார்கள் என்று தேதி போட்டு இன்றைக்கே எழுதி வை. கூட வேலை செய்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பாதே. உன் வக்கீலிடம் எதையும் மறைக்காதே, வெட்கப்படும்படி ஏதாவது இருந்தாலும்கூட. பணத்துக்குக் கவலைப்படாதே. மேல்வீட்டு வாடகையை உனக்காக ஒதுக்கிவிட்டேன்.

அம்மாவிடம் நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன், இனி மறைப்பது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். அவள் அழுவாள். அழட்டும், நீ போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் மாமா