உம்மாவின் பால் கணக்கு

நோன்பு நெருங்கினால் நம் வீடுகளில் பெயின்ட் பேச்சுத் தொடங்கிவிடும். எந்த நிறம், எத்தனை லீட்டர் என்று கேட்போமே தவிர, சுவர் அதற்குத் தயாரா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. மூன்று வருடங்களுக்கு முன், பழைய டிஸ்டெம்பரின் மேலேயே இமல்ஷன் பூச வைத்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் வருமுன்னே அது மீன் செதிலைப்போலக் கழன்றது. பெயின்டைத்தான் ஏசினேன். பிழை என்னுடையது.

பழைய டிஸ்டெம்பரும் சுண்ணாம்பும் மாவாக உதிர்பவை. மாவின் மேல் எதைப் பூசினாலும் மாவோடு சேர்ந்து விழும். உங்கள் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள், கையே சொல்லிவிடும்.

இம்முறை மகளும் நானுமே இறங்கினோம். முதலில் பீலியைத் திருத்தினோம். எங்கள் வீடு கல்முனைப் பக்கம். ஜன்னலுக்குக் கீழே உப்புப் பூத்ததற்குக் கடற்காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் ஓட்டைப் பீலியால் வழிந்த மழைத்தண்ணீர்தான் காரணம். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்தோம். தண்ணீர் ஊற்றினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

ஜன்னல் நிலைகளைத் தேய்க்குமுன் பேரப்பிள்ளையை மச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நம் நாட்டில் பெயின்டில் ஈயத்துக்குக் கட்டாய எல்லை வந்தது 2013 ஜனவரியில்தான். அதற்கு முந்திய எனாமலைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். ஈரம் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

பிறகு நடுஅறைச் சுவர். இளஞ்சூட்டுத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, கொஞ்சம் ஊறவிட்டுத் தகட்டால் சுரண்டினோம். 1991இல் என் கல்யாணத்துக்கு அவசரமாகப் பூசிய றோஸ் நிறம் கஞ்சியாக வழிந்தது. அதன் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் பென்சில் எழுத்து.

“உம்மா, இது என்ன ஓதலா?” என்றாள் மகள்.

ஓதலில்லை. அறபுத்தமிழ். என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஓதப்பள்ளியில் படித்த அந்த எழுத்தில்தான் எல்லாக் கணக்கும் வைப்பா. மாதத்தின் பெயர், பக்கத்தில் கோடுகள். ஒரு கோடு ஒரு போத்தல் பால். காசு கொடுத்ததும் குறுக்கே ஒரு கீறல். வரிசை வரிசையாகக் கீறியிருந்தது. கடைசி வரிசை துல்கஃதா. 17 கோடுகள். கீறல் இல்லை.

எனக்கு அடுப்படியில் போய் இருக்க வேண்டும்போல் இருந்தது. பால் கொண்டு வந்தவ பக்கத்துத் தமிழ்க் கிராமத்து அக்கா. 1990 ஜூனில் சண்டை தொடங்கியதும் அவ வரவில்லை. பிறகு ஊரும் ஊரும் பேசாமல் போன காலம். உம்மா 1998இல் வபாத்தானா. கடனோடு வந்த ஜனாஸாவுக்குத் தாமே தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கிய செய்தி நமக்கெல்லாம் தெரியும். உம்மாவின் மற்றக் கடன்களையெல்லாம் விசாரித்து அடைத்தோம். சுவரைக் கேட்கவில்லை.

“தேடிக் கிடைக்காவிட்டால் அவ பெயரில் தர்மம் செய்யலாமே” என்றார் இவர். முதலில் தேடுவோம் என்றேன். சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவர் மூலம் தகவல் வந்தது. அக்கா மௌத்தாகிவிட்டா. மகள் ஒருத்தி மட்டக்களப்பில் இருக்கிறாவாம்.

மற்றச் சுவர்களில் வெடிப்புகளை அடைத்து, சாண்ட்பேப்பர் பிடித்து, துணியால் தூசு துடைத்து, பிரைமரும் வைத்தாயிற்று. 17 போத்தலுக்கு இன்றைய விலையைக் கணக்குப் பார்த்துக் கடித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போகிறோம். என்ன சொல்லி அந்தக் கதவைத் தட்டுவது என்றுதான் தெரியவில்லை. நடுஅறையில் அந்த ஒரு முழ இடத்துக்கு மட்டும் இன்னும் பிரைமர் வைக்கவில்லை.