தூத்துக்குடி வெயிலும் பதநீரும்

மே மாச லீவுக்குத் தூத்துக்குடி வந்தாச்சு. வெயில் கொளுத்துது. ஆனா இந்த வெயில்லதான் எங்க ஊர் ருசியே இருக்கு.

காலையில திருச்செந்தூர் ரோட்டோரம் பதநீர். பனையோலையை மடிச்சுக் கட்டின பட்டையில ஊத்தி, இளநுங்கைக் கீறிப் போட்டுத் தர்றாங்க. ஓலை வாசமும் சேர்ந்தே உள்ள இறங்குது. மரத்துல கட்டுற கலயத்துல சுண்ணாம்பு தடவுறதாலதான் பதநீர் புளிச்சுக் கள்ளாகாம இனிப்பா நிக்குது.

சாயங்காலம் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூன், வாயில வச்சதும் கரையுது. ராத்திரி மொறுமொறுன்னு பொரிச்ச பரோட்டா, மேல சால்னா.

பதநீரைக் காய்ச்சிச் செய்யுற உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சதுல ரொம்பச் சந்தோஷம். ஆனா பனையேறுறவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. இந்தப் பக்கம் வந்தீங்கன்னா பாட்டில் குளிர்பானத்தை விட்டுட்டு ஒரு பட்டை பதநீர் குடிங்க. அந்தக் காசு பனையேறி வீட்டுக்குப் போகட்டும்.