ஒவ்வொன்றாக

சனிக்கிழமை இரவு பதினொன்று. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அக்கா மகளின் வீடு, பன்னிரண்டாவது மாடி. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைக்கிறாள், பக்கத்தில் இன்னொரு திரை. கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கத்தைத் தட்டி அலுவலக வலைக்குள் நுழைகிறாள்.

“மாமா, நீங்க படுத்துக்குங்க. எனக்கு அஞ்சு மணி வரைக்கும் வேலை இருக்கு.”

கூடத்து சோபாதான் எனக்குப் படுக்கை. படுத்தேன், ஆனால் கண் திரையை விட்டு நகரவில்லை. கணினி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு தூங்குவது முடியாத காரியம். எங்கள் காலத்தில் செய்ய வேண்டியதைத் தாளில் அச்சடித்து, ஒவ்வொரு படியையும் பென்சிலால் டிக் போட்டபடி இரவு முழுக்க நாலு பேர் நிற்போம்.

அவள் பார்த்துக்கொள்வது ஒரு நிறுவனத்தின் பிரைவேட் கிளவுட். இயந்திரங்கள் தீவின் மறுபக்கம், தாய் செங் வட்டாரத்துத் தரவு மையத்தில் இருக்கின்றன. இந்த ஊரில் எல்லாமே பொது கிளவுடுக்குப் போய்விடவில்லை. சிங்கப்பூர் அரசாங்கமே 2018இல் ரகசியம் குறைந்த அமைப்புகளை மட்டும்தான் வணிக கிளவுடுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. தகவலைத் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டியவர்கள் சொந்தமாகக் கட்டிக்கொள்கிறார்கள். 2023 நவம்பரில், மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவனமான விஎம்வேரைப் பிராட்காம் வாங்கி, நிரந்தர உரிமத்தை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியபோது, அவர்களில் பலர் வேறு வழி தேடினார்கள். இவளுடைய நிறுவனம் போய்ச் சேர்ந்தது ஓப்பன்ஸ்டாக்கில். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கிய திறமூல மென்பொருள் அது.

இன்றிரவு எட்டு சர்வர்களுக்கு ஃபர்ம்வேரும் கெர்னலும் புதுப்பிக்க வேண்டும். புது சர்வர்களை வாங்கிப் பக்கத்தில் அடுக்கி, நிதானமாக மாற்றிக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. இங்கே அது எளிதல்ல. 2020இல் சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே உறிஞ்சின. 2019 முதல் புதிய மையங்களுக்கு அனுமதியே நிறுத்தப்பட்டிருந்தது. 2022இல்தான் கதவு திறந்தது, அதுவும் கடும் நிபந்தனைகளோடு. இடமும் மின்சாரமும் இறுக்கம். ஆகவே இருக்கிற இயந்திரங்களை ஓடவிட்டபடியே பழுது பார்க்க வேண்டும்.

அவள் தட்டியது ஒரே ஒரு வரி. ஆன்சிபிள் என்கிற தானியக்க மென்பொருள் ஓடத் தொடங்கியது. முதல் சர்வரில் புது வேலை எதுவும் ஏறாதபடி அது தடுத்தது. பிறகு, அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகளை அணைக்காமலே மற்ற சர்வர்களுக்கு அனுப்பியது. இதைப் பார்க்கத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். நினைவகம் முழுதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும் நேரத்துக்குள் மாறிப்போன பக்கங்கள் மறுபடி படியெடுக்கப்படுகின்றன. மிச்சம் மிகச் சிறிதானதும், ஒரு கணம் நிறுத்தி மறுபக்கத்தில் எழுப்பிவிடுகிறது. அந்தக் கணினியில் யாராவது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது.

திரையில் பச்சை வரி வந்தால், அந்த அமைப்பு ஏற்கெனவே சரியாக இருக்கிறது, கை வைக்கவில்லை என்று அர்த்தம். மஞ்சள் என்றால் மாற்றியிருக்கிறது. சிவப்பு, முடியவில்லை. இயந்திரத்திடம் “இதைச் செய், அதைச் செய்” என்று வரிசையாகச் சொல்லாமல், கடைசியில் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிடுவது இந்த முறை. 1993இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் சிஎஃப்எஞ்சின் எழுதிய நாளிலிருந்து வளர்ந்து வந்த எண்ணம் இது. அதே கோப்பை நூறு முறை ஓட்டினாலும் கெடுதல் வராது என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் நான் மதித்தது வேறொரு வரியை. கோப்பின் தலையில் “சீரியல்: 1” என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சர்வர். அது தோற்றால் அடுத்ததைத் தொடாதே. இரண்டிரண்டாக ஓட்டியிருந்தால் சீக்கிரம் முடித்துத் தூங்கப் போயிருக்கலாம். எங்கே நிற்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பாதி என்று நான் நினைக்கிறேன்.

அது இந்த ஊருக்குப் பட்டுத் தெரிந்ததுதான். 2023 அக்டோபர் 14, அதுவும் ஒரு சனிக்கிழமை. ஈக்வினிக்ஸ் தரவு மையத்தில் திட்டமிட்ட மேம்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஒப்பந்தக்காரர் ஒருவர் தவறுதலாக ஒரு சமிக்ஞையை அனுப்பினார். குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. கூடங்கள் சூடேறின. டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. ஏறத்தாழ 25 லட்சம் கட்டணங்களும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறாமல் போயின என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கட்டளை எவ்வளவு வேகமாகப் போகிறதோ, தவறான கட்டளையும் அவ்வளவு வேகமாகவே போகும்.

மணி ஒன்றேகால். இரண்டு சர்வர்கள் முடிந்திருந்தன. மூன்றாவது ரீபூட் ஆகப் போனது, திரும்பி வரவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சிவப்பு வரி விழுந்தது. ஓட்டம் அங்கேயே நின்றது.

அவள் முகத்தில் பதற்றமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சென்னையில் இருக்கும் சக ஊழியனை அழைத்தாள். அங்கே இன்னும் பதினொன்று ஆகவில்லை.

“தம்பி, மூணாவது வரல. நீயும் பாரு.”

“பாத்துட்டேன்க்கா. செஃப்ல நோ-அவுட் போட்டிருக்கு, அதனால காப்பி நகரல. ரெண்டு காப்பி இருக்கு.”

அந்த “ரெண்டு காப்பி”யில்தான் இரவின் எடை முழுதும் இருந்தது. செஃப் என்கிற சேமிப்பு அமைப்பு எதையும் மூன்று சர்வர்களில் மூன்று பிரதிகளாக வைக்கிறது. ஒரு சர்வர் போனால் இரண்டு பிரதிகளோடு வேலை நடக்கும். நோ-அவுட் என்ற கொடி போட்டிருந்தால், போன பிரதியை வேறிடத்தில் கட்டாமல் அந்த சர்வர் திரும்பும்வரை காத்திருக்கும். அதே நேரத்தில் இன்னொன்றும் போனால், இரண்டிலும் பிரதி இருந்த தகவல்கள் ஒற்றைப் பிரதிக்கு இறங்கிவிடும். அப்போது செஃப் அவற்றில் எழுதவும் விடாது, படிக்கவும் விடாது. அவற்றை நம்பியிருக்கும் மெய்நிகர் கணினிகள் அப்படியே உறைந்துவிடும். நிரல் நிற்காமல் நான்காவதையும் ரீபூட் செய்திருந்தால் நடந்திருக்கக்கூடியது அதுதான்.

சர்வருக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. பெரிய கணினி மயங்கிக் கிடந்தாலும் அது விழித்திருக்கும். அதன் வழியாகத் தொலைவிலிருந்தே மூன்றாவது சர்வரின் திரையைத் திறந்தாள். பழுது ஒன்றுமில்லை. புது ஃபர்ம்வேர் ஏறியதும் அது தன் நினைவகம் முழுவதையும் நிதானமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. ஆன்சிபிள் வழக்கமாகக் காத்திருப்பது 600 விநாடி. இந்த இயந்திரத்துக்கு அது போதவில்லை. சற்று நேரத்தில் தானாக எழுந்து வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நானும் படுத்திருப்பேன். அவள் கோப்பைத் திறந்தாள். 600ஐ 1800 ஆக்கினாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு சோதனையை எழுதினாள்: செஃப் “ஹெல்த் ஓகே” என்று சொன்னால்தான் அடுத்த சர்வருக்குப் போக வேண்டும். எழுதியதைத் தானே ஓட்டிவிடாமல் சென்னைக்கு அனுப்பினாள். இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத மாற்றம் எதுவும் ஓடக் கூடாது என்பது அவர்கள் விதி, நள்ளிரவிலும்.

“அக்கா, இது மாட்டிக்கும். நோ-அவுட் போட்டிருக்கும்போது ஹெல்த் எப்பவுமே வார்னிங்லதான் நிக்கும், ஓகே வரவே வராது. பிஜி எல்லாம் ஆக்டிவ் கிளீனான்னு பாருங்க.”

“ஆமாம்ல. சரியாச் சொன்ன.”

“ரீபூட்டுக்கு முன்னாடியும் அதே செக் வேணும்க்கா.”

பிஜி என்கிற தகவல் தொகுதிகளின் பிரதிகள் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா என்று பார்க்கும் அந்தச் சோதனையை இரண்டு இடத்திலும் சேர்த்தாள். அவன் ஒப்புதல் தந்தபோது மணி இரண்டேகால். ஒரு சர்வருக்கு நாற்பது நிமிடம் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

“தம்பி, இன்னைக்கு இன்னும் ரெண்டு மட்டும் பண்ணுவோம். மிச்சம் மூணும் அடுத்த சனிக்கிழமை. அவசரமா முடிக்க வேணாம்.”

“சரிக்கா. டிக்கெட்ல எழுதிடறேன்.”

நான்காவது சர்வரின் பெயரைக் கொடுத்து, அவள் மறுபடி ஓட்டினாள்.